பழைய செல்போன், லேப்டாப், டிவி: யாருக்குக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்கழிவு சேகரிக்கும் இடங்களில் மேசைக்கு முன்னால் வந்து நிற்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே வைத்துப் பதில் எழுதியிருக்கிறோம். தமிழ்நாட்டு வீடுகளை மனதில் வைத்து எழுதியது. சட்டம் பற்றிய பகுதிகள் இந்தியா முழுமைக்கும் பொருந்தும்.

டிராயர்ல நாலு பழைய போன் கிடக்கு. அது பாட்டுக்குக் கிடக்கட்டுமே, என்ன கெட்டுப்போகுது?

முதலில் கெடுவது அதன் பயன். வாங்கி மூன்று ஆண்டான போனை இன்றே கொடுத்தால் ஒரு மாணவர் அதை இன்னும் இரண்டு மூன்று ஆண்டு ஓட்டுவார். அதே போன் டிராயரில் நான்கு ஆண்டு கிடந்தபின் வெளியே வந்தால் செக்யூரிட்டி அப்டேட் நின்றிருக்கும், வங்கிச் செயலிகள் ஏறாது, வாட்ஸ்அப்பும் மறுக்கலாம். 2025 ஜனவரி முதல் ஆண்ட்ராய்டு 5க்குக் கீழும், அதே ஆண்டு மே முதல் ஐஓஎஸ் 15.1க்குக் கீழும் வாட்ஸ்அப் ஓடுவதில்லை. இந்த வரம்பு ஏறிக்கொண்டேதான் போகும். நேற்றுவரை தானம் கொடுக்கத் தகுந்ததாக இருந்த போன், யாரும் தொடாமலே கழிவாகிவிடுகிறது.

அடுத்தது பேட்டரி. லித்தியம் அயன் பேட்டரி சும்மா வைத்திருந்தாலும் மெல்ல மெல்லச் சார்ஜ் இழக்கும். மின்னழுத்தம் மிகவும் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது பேட்டரிக்கு உள்ளேயே ஷார்ட் ஆகும் ஆபத்து உண்டு. எடுத்து வைத்தே தீரவேண்டிய போன் என்றால் பாதிச் சார்ஜில் அணைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பாதி அளவுக்கு ஏற்றுங்கள். நெடுநாள் கிடந்த போன் அதன் சொந்தச் சார்ஜரில் அரைமணி நேரம் போட்டும் அசையவில்லையா? அதோடு விட்டுவிடுங்கள். வெளியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்து பேட்டரியை எழுப்பும் வேலை வேண்டாம்.

குப்பை வண்டியில போட்டுட்டா அவங்களே பிரிச்சுக்க மாட்டாங்களா?

போனின் பேட்டரியிலோ பெட்டியிலோ குறுக்குக் கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படம் இருக்கும். இதைக் குப்பையோடு சேர்க்காதே என்பதற்கான குறி அது. குப்பை லாரி கழிவை அழுத்தி நசுக்கும்போது பேட்டரி நசுங்கினால் லாரிக்குள்ளேயே தீப்பிடிக்கும். தப்பித்துக் கிடங்கை அடைந்தாலும், காகிதமும் பிளாஸ்டிக்கும் குவிந்த இடத்தில் அது ஒரு தீக்குச்சிதான். பழைய போன்களின் பற்றவைப்பில் ஈயம் இருக்கலாம். இந்தியாவில் மின்னணுப் பொருள்களில் ஈயம், காட்மியம், பாதரசம் போன்றவற்றுக்கு உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது 2014 மே மாதத்தில்தான். அதற்கு முன் வாங்கியவற்றுக்கு இந்திய விதியில் அப்படி வரம்பு இல்லை.

பழைய பேப்பர் கடைக்காரர் கையில காசு தர்றார். மறுசுழற்சி கம்பெனி ஒண்ணும் தர்றதில்லை. நான் எதுக்குச் சும்மா கொடுக்கணும்?

பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கிய காலத்திலிருந்து நமக்குப் பழகிய கணக்கு இது, தவறாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரும்பு, செம்பு, காகிதம் என்றால் கடைக்காரர் செய்வது நல்ல மறுசுழற்சி. போனும் கம்ப்யூட்டரும் அப்படியல்ல. அவற்றில் விலைபோகும் பாகம் சிறியது, நஞ்சுள்ள பாகங்களும் கூடவே இருக்கும். கடையிலிருந்து கைமாறிப் போகும் பொருளில் சர்க்யூட் போர்டும் செம்பும் மட்டும் பிரித்து எடுக்கப்படும். மீதி கொட்டப்படும் அல்லது எரிக்கப்படும்.

எடுக்கும் முறைதான் கொடுமை. வயரின் பிளாஸ்டிக்கை உரிக்க நேரமாகும் என்று எரித்துச் செம்பை எடுப்பார்கள். அந்தப் பிளாஸ்டிக் பெரும்பாலும் பிவிசி, அதன் புகையில் டயாக்சின் என்ற நச்சு வரும். போர்டுகளை அடுப்பில் சூடாக்கிச் சில்லுகளைப் பெயர்ப்பார்கள், பிறகு அமிலத் தொட்டியில் முக்கித் தங்கம் எடுப்பார்கள். மிஞ்சிய அமிலம் சாக்கடைக்கோ மண்ணுக்கோ போகும். டெல்லியின் சீலம்பூர், உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் போன்ற இடங்களில் பல குடும்பங்களின் பிழைப்பே இதில்தான் இருக்கிறது. முகமூடியும் கையுறையும் இல்லாமல் அந்தத் தொட்டியருகே உட்கார்ந்திருப்பவர் மூச்சில்தான் நமக்குக் கிடைத்த அந்தச் சில நூறு ரூபாயின் மிச்சச் செலவு ஏறுகிறது. முறையான நிறுவனம் புகை வடிகட்டிக்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கும் செலவழிக்கிறது, அதனால் கடைக்காரர் சொல்லும் விலையை அதனால் சொல்ல முடிவதில்லை.

காசுதான் முக்கியம் என்றால் அதற்கும் நேர்வழி உண்டு. ஓடுகிற போனை எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள், அல்லது புதுப்பித்து விற்பவரிடம் விற்றுவிடுங்கள். கழிவு விலையைவிட அது பெரும்பாலும் அதிகம்.

ஒரு போன்ல எவ்வளவு தங்கம் இருக்கு? யூடியூப்ல வீட்லயே எடுக்கிறாங்களே?

ஒரு போனில் சுமார் 0.03 கிராம். ஒரு கிராம் சேர முப்பது போனாவது வேண்டும், அதுவும் ஒரு துளி வீணாகாமல் எடுத்தால். டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்காக ஜப்பான் 2017 முதல் 2019 வரை மக்களிடம் பழைய கருவிகளைச் சேகரித்தது. கிட்டத்தட்ட 79,000 டன் பொருளிலிருந்து கிடைத்த தங்கம் 32 கிலோ, வெள்ளி 3,500 கிலோ. அதில் அறுபது லட்சத்துக்கும் அதிகமான செல்போன்கள் அடக்கம்.

வீட்டில் செய்து காட்டப்படுவது நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த முறை. அதிலிருந்து எழும் பழுப்பு நிற நைட்ரஜன் டையாக்சைடு நுரையீரலைத் தாக்கும். மூச்சுத்திணறல் உடனே வராமல் பல மணி நேரம் கழித்தும் வரும், அதனால் ஆபத்து தெரிவதே இல்லை. மொட்டை மாடியில் செய்தாலும் அமிலக் கழிவை என்ன செய்வீர்கள் என்ற கேள்வி மிஞ்சும். தயவுசெய்து இதில் இறங்காதீர்கள்.

என் போன் தானம் கொடுக்கிற மாதிரி இருக்கா, கழிவான்னு எப்படிப் பார்க்கிறது?

வாங்குபவர் அதே நாளில் பயன்படுத்தத் தொடங்க முடியுமா என்பதுதான் அளவுகோல். சார்ஜ் அரைநாளாவது நிற்கவேண்டும். தொடுதிரை எல்லா மூலையிலும் வேலை செய்யவேண்டும். பேசினால் எதிர்முனைக்குக் கேட்கவேண்டும். வாட்ஸ்அப் நிறுவிப் பாருங்கள். திரையில் கீறல் இருந்தால் பரவாயில்லை, கையைக் கிழிக்கும் உடைசல் கூடாது.

பலரும் கவனிக்காதது நெட்வொர்க். ஜியோவில் 4ஜியும் அதற்கு மேலும்தான் உண்டு, அதனால் வோல்ட்டி (4ஜி வழியாகவே பேசும்) வசதி இல்லாத போனில் ஜியோ சிம் போட்டுப் பேச முடியாது. பழைய பட்டன் போன் ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா) சிம்மில் 2ஜியில் இன்னும் பேசும். வயதானவர்களுக்கு அது நல்ல போன், கழிவில் போடாதீர்கள். கம்ப்யூட்டரில் செருகி இணையம் பார்க்கும் 3ஜி டாங்கிள்களுக்கு மட்டும் இனி பெரிதாக வேலையில்லை.

கொடுக்கும்போது சார்ஜரையும் சேர்த்துக் கொடுங்கள். பேட்டரி மட்டும் பலவீனமாக இருந்தால் மாற்றிவிட்டுக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். அந்த ஒரு செலவில் போனுக்கு இரண்டு ஆண்டு ஆயுள் கூடும். ஓடாததைத் தானம் என்று கொடுத்தால் அதை அப்புறப்படுத்தும் வேலையைத்தான் ஆசிரமத்துக்கோ பள்ளிக்கோ தருகிறீர்கள்.

ஃபேக்டரி ரீசெட் போட்டா போதுமா? எல்லாத்தையும் திரும்ப எடுத்துடுவாங்கன்னு சொல்றாங்களே?

அந்தப் பேச்சு ஒரு காலத்தில் உண்மை. பழைய ஆண்ட்ராய்டுகளில் படங்கள் பூட்டப்படாமல் கிடந்தன. ரீசெட் செய்தாலும் அட்டவணை மட்டுமே அழிந்தது, படங்கள் அப்படியே இருந்தன. இப்போதைய போன்கள் எல்லாவற்றையும் மறையாக்கம் (என்கிரிப்ட்) செய்தே, அதாவது திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றியே சேமிக்கின்றன. ரீசெட் செய்ததும் திறவுகோல் அழிந்துவிடும், எஞ்சியிருப்பது யாராலும் படிக்க முடியாத குப்பை. ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பின் வந்த பதிப்போடு விற்பனைக்கு வந்த எல்லாப் போனிலும் இது கட்டாயம். ஐபோனில் பல ஆண்டுகளாகவே உண்டு.

அதைவிடப் பழைய ஆண்ட்ராய்டு என்றால் செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதிக்குப் போய் என்கிரிப்ட் செய்யும் வசதி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சார்ஜரில் போட்டு அதை முடித்துவிட்டு ரீசெட் செய்யுங்கள். இல்லாவிட்டால் ரீசெட் செய்தபின் எந்தக் கணக்கும் போடாமல், சேமிப்பிடம் நிரம்பும்வரை வெறும் சுவரைக் காட்டி வீடியோ எடுத்துவிட்டு மறுபடி ரீசெட் செய்யுங்கள். பழைய படங்கள் இருந்த இடத்தில் சுவர் உட்கார்ந்துவிடும். மெமரி கார்டைக் கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், ரீசெட் அதைத் தொடாது.

ரீசெட் பண்ணித்தான் கொடுத்தேன். வாங்கினவர் உங்க ஜிமெயில் பாஸ்வேர்டு கேக்குதுன்னு திரும்பி வந்துட்டார்.

தானமாக வரும் போன்கள் பல வீணாவது இந்த ஒரு காரணத்தால்தான். திருட்டைத் தடுக்க 2015இல் ஆண்ட்ராய்டு 5.1 முதல் ஒரு பூட்டு உண்டு: கணக்கை நீக்காமல் பக்கவாட்டுப் பட்டன்களை அழுத்தி ரீசெட் செய்தால், பழைய கூகுள் கணக்கு வந்தால்தான் போன் திறக்கும். ஐபோனில் இதே வேலையை ஆக்டிவேஷன் லாக் செய்கிறது.

முதலில் செட்டிங்ஸுக்குள் போய் எல்லாக் கூகுள் கணக்குகளையும் நீக்குங்கள். சாம்சங், ஷாவ்மி போன்றவற்றில் நிறுவனத்தின் சொந்தக் கணக்கும் இருக்கும், அதையும் நீக்குங்கள். திரைப்பூட்டை எடுத்துவிட்டு, செட்டிங்ஸ் வழியாகவே ரீசெட் செய்யுங்கள். ஐபோனில் ஃபைண்ட் மை வசதியை அணைத்து ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, ஜெனரல் பகுதியின் அடியில் உள்ள அழிக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். முடிந்ததும் வரவேற்புத் திரை வரும். அங்கே நிறுத்தாமல் வைஃபை கொடுத்து இரண்டு மூன்று படி போய்ப் பாருங்கள். பழைய கணக்கைக் கேட்டால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

ஏற்கெனவே கொடுத்துவிட்ட ஐபோன் என்றால் ஐகிளவுட் தளத்தில் நுழைந்து அதை உங்கள் கணக்கிலிருந்து நீக்கலாம், நேரில் போகவேண்டாம். ஆண்ட்ராய்டுக்கு நீங்களே நேரில் போய்க் கடவுச்சொல்லைப் போடுவதுதான் நல்லது. வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். கடவுச்சொல் மறந்து புதிதாக மாற்றினால் 24 மணி நேரம் பொறுத்து முயலுங்கள், உடனே போட்டால் ஏற்காது.

ஜிபே, பேங்க் ஆப், ஓடிபி இதெல்லாம் எந்த வரிசையில பண்றது?

புதுப் போன் முழுதாக ஓடத் தொடங்கும்வரை பழையதைத் தொடாதீர்கள். முதலில் படங்களையும் வாட்ஸ்அப்பையும் பேக்கப் எடுத்து, புதுப் போனில் திறந்து பாருங்கள். பேக்கப் முடிந்தது என்ற செய்தியை மட்டும் நம்பவேண்டாம். அடுத்து, கணக்குகளில் நுழையக் குறியீட்டு எண் தரும் ஆத்தென்டிகேட்டர் செயலி இருந்தால் அதன் கணக்குகளைப் புதுப் போனுக்கு மாற்றுங்கள். இதை மறந்து ரீசெட் செய்தவர்கள் அலுவலக மெயிலுக்குள் நுழைய வாரக்கணக்கில் அலைய நேரும். பிறகு யுபிஐ, வங்கிச் செயலிகளைப் புதுப் போனில் பதிவுசெய்து, பழையதில் வெளியேறுங்கள். இசிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம்) என்றால் சிம் நிறுவனத்தின் வழியாகப் புதுப் போனுக்கு மாற்றியபின்தான் பழையதிலிருந்து அழிக்கவேண்டும். கடைசியாகச் சிம், மெமரி கார்டு, அதன்பின் மேலே சொன்ன ரீசெட்.

டிஸ்ப்ளே போச்சு, போன் ஆன் ஆகல. உள்ள இருக்கறதை எப்படி அழிக்கிறது?

ஒலி வருகிறது, அதிர்கிறது, திரை மட்டும் இல்லை என்றால் இன்னும் வழி உண்டு. வைஃபையில் இருந்தால் கூகுள் அல்லது ஆப்பிள் தளத்திலிருந்து தொலைவிலேயே அழிக்கச் சொல்லலாம். சில போன்களில் டைப்-சி வழியாகத் திரையும் மவுசும் இணைத்து வேலை பார்க்கலாம். பழக்கமான கடையில் ஒரு திரையைத் தற்காலிகமாக மாட்டி ரீசெட் செய்து தருவார்கள், உடன் நின்று செய்யுங்கள்.

ஒன்றுக்கும் அசையவில்லை என்றால், அண்மைக்காலப் போனில் திரைப்பூட்டும் இருந்தது என்றால், மறையாக்கமே உங்களைக் காக்கும். முழுதாக மறுசுழற்சிக்குக் கொடுத்து, பொடியாக்கியதற்குச் சான்றிதழ் கேளுங்கள். சுத்தியலால் அடிக்காதீர்கள், முதல் அடி பேட்டரியில் விழும்.

பேட்டரி உப்பிப் போச்சு, பின்பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது. என்ன பண்ணட்டும்?

சார்ஜரைப் பிடுங்குங்கள். அணையும் என்றால் அணைத்துவிடுங்கள். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், காற்றை வெளியேற்ற ஊசி குத்தவே குத்தாதீர்கள். உள்ளே இருப்பது தீப்பற்றக்கூடிய வாயு. கிழிந்தால் பேட்டரி தானாகவே சூடேறி எரியும், அதில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு போன்ற நச்சு வாயுவும் வரும். ஒட்டிய பேட்டரியை நெம்பி எடுக்காமல் போனோடு அப்படியே, மூடி இறுகாத ஒரு தகர டப்பாவில் உலர்ந்த மணலுக்குள் வைத்து, பால்கனியிலோ வாசலிலோ நிழலில் வையுங்கள். மெத்தை, திரைச்சீலை, எரிவாயு சிலிண்டர் அருகே வேண்டாம். ஓரிரு நாளில் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்.

கூரியரில், தபாலில் அனுப்பக்கூடாது. தனியாகக் கழன்று வந்த நல்ல பேட்டரி என்றாலும் இரு முனைகளிலும் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போடுங்கள். வெள்ளத்தில் நனைந்த போனும் இதே வகைதான். காய்ந்துவிட்டது என்று சார்ஜ் போடாதீர்கள்.

பழைய போனை சிசிடிவி போல வைத்து நாள் முழுதும் சார்ஜரில் விடுபவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறோம்: எப்போதும் 100 சதவீதத்தில் சூடாக நிற்கும் பேட்டரிதான் முதலில் உப்பும். 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் டைமர் சுவிட்ச் வையுங்கள்.

சார்ஜர், இயர்போன், ரிமோட், பவர்பேங்க் எல்லாம்கூட எடுப்பாங்களா?

எடுப்பார்கள். வயர்களைச் சுருட்டிக் கட்டிக் கொடுத்தால் போதும். புளூடூத் இயர்பட் ஒவ்வொன்றிலும், அதன் பெட்டியிலும் பேட்டரி உண்டு, குப்பையில் போகவே கூடாது. பவர்பேங்க்கைப் பேட்டரியாகவே கருதுங்கள். ரிமோட்டிலிருந்து செல்களை எடுத்துவிடுங்கள், கசிந்தால் மற்றவற்றையும் அரிக்கும்.

லேப்டாப் கொடுக்கணும். ஹார்டு டிஸ்கைக் கழட்டிட்டுத்தான் கொடுக்கணுமா?

தானம் என்றால் கழற்றாதீர்கள். டிஸ்க் இல்லாத லேப்டாப்புக்குப் புதிது வாங்க வழியில்லாமல் அது அலமாரியில் தூங்கும். முறையாக அழித்தால் போதும்.

சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால் முழுவதையும் ஒரே ஒரு முறை மேலெழுதினால் போதும், ஏழு முறை என்பதெல்லாம் தேவையில்லை. விண்டோஸில் ரீசெட் செய்யும்போது எல்லாவற்றையும் நீக்கு என்பதோடு, டிரைவைச் சுத்தம் செய்யவா என்ற கேள்விக்கும் ஆம் என்று கொடுங்கள். 1 டிபி டிஸ்க்குக்குப் பல மணி நேரம் ஆகலாம். சில நிமிடங்களில் முடிந்தால் அது சுத்தம் செய்யவில்லை.

எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத டிரைவ், வேறு மாதிரி. எழுதும் இடத்தை அதுவே மாற்றிக்கொண்டே இருப்பதால், மேலெழுதினாலும் சில பகுதிகளில் பழையது மிஞ்சும். லேப்டாப் ஆன் ஆகும்போது விண்டோஸுக்கு முன் திறக்கும் பயாஸ் அமைப்புத் திரையில் செக்யூர் இரேஸ் என்ற அழிக்கும் வசதி இருந்தால் அதுதான் சிறந்தது. இல்லாவிட்டால் முதலில் முழு டிரைவையும் விண்டோஸின் பிட்லாக்கர் போன்ற ஒன்றால் மறையாக்கம் செய்துவிட்டு ரீசெட் செய்யுங்கள். அலுவலகப் பெரிய ஜெராக்ஸ் மெஷினிலும் டிஸ்க் இருக்கும், நகலெடுத்த ஆதாரும் சம்பளப் பட்டியலும் அதில் தங்கியிருக்கலாம். அதை யாரும் நினைப்பதில்லை.

காலேஜ்ல கவர்மென்ட் குடுத்த லேப்டாப். விண்டோஸ் 10ம் நின்னுபோச்சு. இனி இரும்புக்குத்தானே?

இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. முடிந்தது மென்பொருளின் காலம்தான், கருவியின் காலமல்ல. 4 ஜிபி ரேம் இருந்தால் லுபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டின் இலகுவான பதிப்பு நன்றாக ஓடும். தமிழில் தட்டச்சு செய்யலாம், படிக்கலாம், வீடியோ பார்க்கலாம். ஹார்டு டிஸ்கை 240 ஜிபி எஸ்எஸ்டியாக மாற்றினால் வேகம் கண்கூடாகக் கூடும். 2 ஜிபி ரேம் மட்டுமே, கூட்டவும் முடியாது என்றால் மறுசுழற்சிக்கு அனுப்புங்கள். பள்ளிக்குக் கொடுக்கும்போது பல மாடலில் இருபதைவிட ஒரே மாடலில் ஐந்து மேல். ஒன்று பழுதானால் மற்றொன்றின் பாகம் உதவும்.

இலவச கலர் டிவி பரண்ல கிடக்கு. ஒருத்தரும் எடுக்க மாட்டேங்கிறாங்க.

2006க்குப் பின் தமிழ்நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அந்தப் படக்குழாய் டிவி போனது. இன்று அதன் கண்ணாடிக்கு வாங்குபவர் அரிது, அதனால்தான் தட்டிக்கழிக்கிறார்கள். குழாயின் பின்பக்கப் புனல் கண்ணாடியில் ஈயம் அதிகம். பழைய பொருள் எடுப்பவர்களில் சிலர் கழுத்துப் பகுதியை உடைத்து அங்கே சுற்றியிருக்கும் செம்புச் சுருளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைப் போட்டுவிடுவார்கள். உடைந்த டிவி ஏரிக்கரையில் கிடப்பது இப்படித்தான்.

நீங்கள் திறக்காதீர்கள். உள்ளே வெற்றிடம், உடைந்தால் கண்ணாடி சிதறும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் குழாயில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். எடை முழுதும் திரைப் பக்கம் இருப்பதால் திரையை மார்போடு அணைத்துத் தூக்குங்கள். டிவியையும் ஏற்கும் நிறுவனமா என்று முதலிலேயே கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே பாதி உண்மை வெளியே வரும்.

ஃபிரிட்ஜ், ஏசி, டியூப் லைட்?

ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் வாயுவை முதலில் உறிஞ்சி எடுக்கவேண்டும். கம்ப்ரசர் குழாயை வெட்டி எடுத்தால் அது காற்றோடு போகும். மிகப் பழைய ஃபிரிட்ஜில் உள்ள ஆர்12 வாயு, புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப்போலப் பத்தாயிரம் மடங்கு. புதியவற்றில் உள்ள ஆர்600ஏ தீப்பற்றும். புதிது வாங்கும்போது எக்ஸ்சேஞ்சில் கொடுப்பது எளிது. டியூப் லைட், சிஎஃப்எல் இரண்டிலும் பாதரசம் உண்டு. உடையாமல் அட்டைப்பெட்டியில் கொடுங்கள். உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்து கால்மணி நேரம் வெளியே இருந்துவிட்டு, துடைப்பத்தால் பெருக்காமல் அட்டையால் வாரி எடுங்கள்.

அங்கீகாரம் உள்ள கம்பெனின்னு எல்லாரும்தான் சொல்றாங்க. எப்படி நம்பறது?

2022ஆம் ஆண்டின் மின்கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. இவற்றின்படி உற்பத்தியாளர், பொருளைச் சந்தைக்குக் கொண்டுவருபவர், புதுப்பிப்பவர், மறுசுழற்சி செய்பவர் என நான்கு வகையினர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்யவேண்டும். பழைய விதிகளில் இருந்த பிரிப்பாளர் என்ற தனிவகை இப்போது இல்லை. எனவே 2023க்கு முந்திய பிரிப்பாளர் சான்றிதழை யாராவது நீட்டினால் போதாது. ஜிஎஸ்டி எண், ஐஎஸ்ஓ சான்று இரண்டும் மின்கழிவு அங்கீகாரம் அல்ல.

பெயரை மத்திய வாரியத்தின் பட்டியலிலும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பட்டியலிலும் சரிபாருங்கள். வந்து எடுப்பவர் வேறு பெயரில் இருந்தால், எந்தப் பதிவுபெற்ற நிறுவனத்துக்காக எடுக்கிறார் என்று எழுத்தில் கேளுங்கள். ஒன்றிரண்டு பொருள்தான் என்றால் இவ்வளவு வேண்டாம். போன் நிறுவனத்தின் இந்திய இணையதளத்தில் மின்கழிவு என்று தேடினால் சேகரிப்பு இடங்கள் கிடைக்கும். விற்ற பொருளின் அளவுக்கேற்ப மின்கழிவு மறுசுழற்சி ஆவதை உறுதிசெய்யும் பொறுப்பு அவர்களுடையது.

முறையான கம்பெனியில அப்படி என்ன பண்றாங்க? எல்லாமே திரும்பக் கிடைச்சிடுமா?

பேட்டரியை முதலில் பிரிப்பார்கள். மற்றதை நொறுக்கி, காந்தத்தால் இரும்பையும், சுழல்மின்னோட்டக் கருவியால் அலுமினியத்தையும் எடுப்பார்கள். போர்டுகள் உலோக உருக்காலைக்கோ, மூடிய அமைப்பில் நடக்கும் வேதிச் சுத்திகரிப்புக்கோ போகும். உருக்காலையில் தங்கம், வெள்ளி, பல்லேடியம் எல்லாம் உருகிய செம்போடு சேர்ந்து வந்துவிடும்.

எல்லாமே கிடைக்காது, அதை மறைக்க வேண்டியதில்லை. டாண்டலம், அரிய மண் உலோகங்கள் போன்றவை பெரும்பாலும் கசடில் போய்விடுகின்றன. அதனால்தான் ஓடும் போனை மறுசுழற்சிக்கு அனுப்பாமல் ஓடவிடுவது மேல் என்கிறோம். உலக அளவில் 2022இல் உருவான மின்கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி ஆனதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்.

கொடுத்ததுக்கு ரசீது வேணுமா? வருமான வரியில நன்கொடைக்கான 80ஜி சலுகை கிடைக்குமா?

பொருளாகக் கொடுத்ததற்கு 80ஜி கிடையாது, பணமாகக் கொடுத்தால்தான். ஆனால் ரசீது வேண்டும், காரணம் வேறு. நீங்கள் கொடுத்த போன் நாளை ஏதாவது குற்றத்தில் சிக்கினால் அது உங்கள் கையைவிட்டுப் போன தேதிக்குச் சான்று தேவை. *#06# அழுத்தினால் வரும், ஒவ்வொரு போனுக்கும் தனியான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை எழுதி, தேதி போட்டு, வாங்குபவரிடம் கையெழுத்து வாங்குங்கள். இரண்டு சிம் போனில் இரண்டு எண் வரும், இரண்டையும் எழுதுங்கள்.

யாரோ குடுத்த போன், யாரோடதுன்னே தெரியல. அதையும் தானம் பண்ணலாமா?

முதலில் சரிபாருங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணைப் போட்டால் அது முடக்கப்பட்டதா, போலியா என்று தெரியும். குறுஞ்செய்தியில் கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் ஓர் இடைவெளியும் அந்த எண்ணும் அடித்து 14422க்கு அனுப்பினாலும் பதில் வரும். முடக்கப்பட்டது என்று வந்தால் தானமும் வேண்டாம், கழிவும் வேண்டாம், காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள். கணக்குப் பூட்டை உடைத்துத் தருகிறேன், ஐஎம்இஐ மாற்றித் தருகிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள். ஐஎம்இஐ மாற்றுவது குற்றம்.

எங்க அபார்ட்மென்ட்ல சேகரிப்பு முகாம் நடத்தப் போறோம். எங்கெங்க தப்பு நடக்கும்?

நாள் குறிக்கும் முன் நிறுவனத்தைப் பேசி முடியுங்கள். குறைந்தது எத்தனை கிலோ இருந்தால் வண்டி வரும், டிவியும் டியூப் லைட்டும் எடுப்பார்களா, எத்தனை மணிக்கு வருவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். முகாம் முடிந்து வண்டி வராமல் பொருள் ஒரு வாரம் மாடிப்படிக்குக் கீழே கிடப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அந்த வாரத்தில் போர்டுகளும் நல்ல போன்களும் மாயமாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த இடம் கூடாது. மின்மீட்டர் அறையும் கூடாது.

லிஃப்ட் பக்கத்தில் ஆளில்லாத பெட்டி வைக்காதீர்கள், அழிக்கப்படாத போன்கள் அதில் விழும். ஆள் உட்கார்ந்து வாங்கி, வீட்டு எண், பொருள், ஐஎம்இஐ, தானமா கழிவா என்று எழுதவேண்டும். உப்பிய பேட்டரிக்குத் தகரப் பெட்டியில் மணல், மற்ற பேட்டரிகளுக்கு டேப்பும் சிறு பைகளும், டியூப் லைட்டுக்கு நீள அட்டைப்பெட்டி, மற்றவற்றுக்குச் சாக்கு. தன்னார்வலர்கள் எதையும் திறந்து பார்க்கக்கூடாது. பேட்டரிப் பக்கம் சிறுவர்களை உட்காரவைக்காதீர்கள்.

வண்டி கிளம்பும் முன் உங்கள் கண் முன்னாலேயே எடை போட்டு, வகைவாரியாகச் சீட்டு வாங்குங்கள். பின்னால் வரும் மறுசுழற்சிச் சான்றிதழில் அதே எடை இருக்கவேண்டும். வந்தவர் லேப்டாப்பையும் போனையும் மட்டும் ஏற்றிக்கொண்டு டிவியை அப்புறம் பார்க்கலாம் என்றால், ஏற்றியதை இறக்கச் சொல்லி வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். பட்டியலில் அடுத்து இருக்கும் நிறுவனத்தை அன்றே அழையுங்கள்.